இரட்டைக் குழந்தைகளும் மூன்றாவது ஆளும்

எங்கள் சமண நூல்களில் போகபூமி என்று ஒரு காலம் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் பிறக்கிற எல்லாரும் இரட்டையர்தான். ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடியாகவே பிறப்பார்கள். உழைக்க வேண்டாம், உலை வைக்க வேண்டாம், கற்பக மரங்கள் கேட்டதைக் கொடுத்துவிடும். இங்கே அகமதாபாத்தில் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் சுவேதாம்பர ஜைனர். அவர்கள் இந்தப் பிள்ளைகளை 'ஜுகலியா' என்று சொல்லுவார்கள். அவர்கள் மரபில் ஆதிநாதரே இரட்டையாகப் பிறந்தவர், கூடப் பிறந்தவள் சுமங்கலை. எங்கள் திகம்பர மரபில் அப்படி இல்லை. அவருக்கும் எனக்கும் இருபது வருஷமாக நடக்கிற இந்த வழக்கை இங்கே கொண்டுவர மாட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. 'திலோயபண்ணத்தி' என்னும் பழைய பிராகிருத நூலில் இந்த இரட்டைக் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஒரு கால அட்டவணையே இருக்கிறது. மல்லாந்து கிடந்து கட்டை விரலைச் சூப்புவது முதல் படி. பிறகு உட்காருவது, தள்ளாடி நடப்பது, உறுதியாக நடப்பது, கலைகள் பயில்வது, இளமை அடைவது, கடைசியாக நற்காட்சி பெறும் தகுதி. ஆக ஏழு படிகள். உத்தம போகபூமியில் படிக்கு மூன்று நாள், மத்திமத்தில் ஐந்து நாள், கடைநிலையில் ஏழு நாள். அதாவது 21, 35, 49 நாட்களில் குழந்தை வாலிபப் பருவத்துக்கு வந்துவிடும். இருவரும் ஒரே நாளில் உட்காருவார்கள், ஒரே நாளில் நடப்பார்கள். இன்னொன்றும் அந்த நூல்களில் உண்டு. குழந்தைகள் பிறந்த உடனே தந்தை ஒரு தும்மலோடும் தாய் ஒரு கொட்டாவியோடும் உயிர் நீத்துவிடுவார்கள். சின்ன வயசில் இதைக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. 'மூத்தது நடக்குது, இளையது இன்னும் உட்காரக்கூட இல்லையே' என்று ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஆளே இல்லை.

கர்மபூமியில் பிறந்த நமக்கு அந்த வசதி கிடையாது. என் மகனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ரெண்டும் ஆண், ஆறு நிமிஷ வித்தியாசம். பெரியவன் பதினொரு மாதத்தில் நடந்தான். சின்னவனுக்கு ஒண்ணே கால் வயசு ஆயிற்று. ரெண்டரை வயசில் பெரியவன் வாய் ஓயாமல் பேசினான். சின்னவன் கையை நீட்டுவான், 'ம்' என்பான். உடனே பெரியவன் 'அவனுக்குத் தண்ணி' என்பான், மருமகள் தண்ணீர் கொண்டுவருவாள். ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாம் 'பெரியவன் சூட்டிகை, சின்னவன் மந்தமாமே' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் நானே அந்த மந்தம் என்ற சொல்லைப் பிள்ளையின் காது கேட்கச் சொல்லிவிட்டேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கலானேன். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் இல்லை. ஜவுளிக் கடையில் மத்தியான வேளையில் கல்லாப் பக்கம் உட்கார்ந்து படித்ததைத்தான் எழுதுகிறேன்.

ஜாதகம் ஒன்று, பிள்ளை ரெண்டு

இரட்டையரைப் பற்றிய முதல் சந்தேகம் ஜோதிடத்தில்தான் எழுந்தது. ஒரே லக்கினம், ஒரே ராசி, ஆனால் குணம் மட்டும் ஏன் வேறு? நம்மூர்ப் பெரியவர்கள் கேட்கிற இந்தக் கேள்வியை ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிறித்தவ ஞானி அகஸ்டின் 'கடவுளின் நகரம்' என்ற தம் நூலில் கேட்டிருக்கிறார். விவிலியத்தில் வரும் ஏசா, யாக்கோபு என்ற இரட்டையரைக் காட்டி, ஒரே நேரத்தில் கருவானவர்கள் இத்தனை வேறுபட்டார்களே, அப்புறம் நட்சத்திரம் என்ன சொல்லிவிடும் என்று ஜோதிடர்களை மடக்குகிறார்.

நட்சத்திரம் இருந்த இடத்தில் பரம்பரை வந்து உட்கார்ந்தது 1875-ல். சார்லஸ் டார்வினின் உறவினரான ஃபிரான்சிஸ் கால்டன், இங்கிலாந்தில் 'ஃப்ரேசர்ஸ் மேகசீன்' என்ற பத்திரிகையில் 'இரட்டையரின் வரலாறு' என்னும் கட்டுரையை எழுதினார். இரட்டையருக்கும் அவர்களுடைய உறவினருக்கும் கேள்வித்தாள் அனுப்பி விவரம் சேர்த்தார். மிகவும் ஒத்திருந்த இரட்டையரைப் பற்றிச் சுமார் 80 பதில்கள் வந்தன, அவற்றில் 35 விவரமானவை. கொஞ்சமும் ஒத்துப்போகாத 20 ஜோடிகளின் செய்தியும் கிடைத்தது. அடையாளத்துக்காகக் குழந்தையின் கையிலோ கழுத்திலோ ரிப்பன் கட்டிய தாய்மார் உண்டு. அப்படியும் ஆள் மாறி ஒன்றுக்கே மறுபடி மருந்து கொடுத்த கதையும், ஒன்று செய்த குறும்புக்கு மற்றது அடி வாங்கிய கதையும் அதில் வருகின்றன. கடைசியில் கால்டன் பிறவிக் குணம் வளர்ப்பை வெகுவாக மிஞ்சுகிறது என்று முடித்தார். ஆனால் ஒரே நாட்டில், ஒரே தரத்துக் குடும்பங்களுக்குள் இருக்கிற வளர்ப்பு வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன் என்று ஒரு நிபந்தனையும் போட்டார். பின்னால் வந்த பலர் நிபந்தனையை விட்டுவிட்டு முடிவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதே கால்டனின் கேள்வி. அந்த இருவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது அவருடைய கேள்வி அல்ல.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே கரு ரெண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒருவகை. ரெண்டு கருமுட்டை ஒரே சமயத்தில் கருவுற்றுப் பிறப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகை உலகம் முழுக்க ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ நான்கு. இரண்டாம் வகை இனத்துக்கு இனம் மாறும், மேற்கு நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் மிக அதிகம். அந்த யொரூபா மக்கள் முதலில் வருகிற குழந்தைக்கு தைவோ என்றும் பிந்தி வருவதற்கு கெஹிந்தே என்றும் பெயர் வைக்கிறார்கள். அவர்கள் கணக்கில் பிந்தி வந்த கெஹிந்தேதான் மூத்தவர். 'உலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா' என்று தைவோவை முன்னால் அனுப்புகிறாராம். அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டு மந்தம்தான் முதலாளி, சூட்டிகை அவனுடைய ஏஜெண்டு!

மாடிப்படியும் உருளைச் சக்கரமும்

1920-களில் இரட்டைக் குழந்தைகள் அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்டு கெசல், ஹெலன் தாம்சன் என்பவரோடு சேர்ந்து 1929-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரே கருவில் பிறந்த ரெண்டு பெண் குழந்தைகள். 'டி' என்பவளுக்கு 46-ஆம் வாரத்திலிருந்து ஆறு வாரம் தினமும் மாடிப்படி ஏறப் பழக்கம் கொடுத்தார்கள். 'சி'-க்குக் கொடுக்கவில்லை. 52-ஆம் வாரத்தில் டி 26 விநாடியில் ஏறினாள். ஒரு வாரம் கழித்துப் பழக்கமே இல்லாத சி தானாகவே 45 விநாடியில் ஏறிவிட்டாள். பிறகு சி-க்கு ரெண்டே வாரம் பழக்கினார்கள், 10 விநாடியில் ஏறினாள். உடம்பு தயாராகாத முன்னம் அவசரப்பட்டுப் பயனில்லை என்றார் கெசல். நடப்பது ரெண்டு மாதம் முந்தினாலும் பிந்தினாலும் அதில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை என்று எனக்கு முதல் தைரியம் வந்தது இதைப் படித்துத்தான்.

கொஞ்ச காலத்தில் நியூயார்க்கில் மிர்ட்டில் மெக்ரா என்ற அம்மையார் இன்னும் ஒருபடி மேலே போனார். 1932-ல் பிறந்த ஜானி, ஜிம்மி என்ற இரட்டையரில் ஜானிக்கு நீச்சல், சரிவில் ஏறுவது, கால்சக்கரம் கட்டி உருளுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஜிம்மி தொட்டிலில் சில பொம்மைகளோடு விடப்பட்டான். ஒன்றரை வயசுகூட ஆகாத ஜானி சக்கரத்தில் உருண்டு போவதைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. 22 மாதம் ஆனபிறகு ஜிம்மிக்கும் அதே பயிற்சி கொடுக்கப்பட்டது. மூன்று சக்கர சைக்கிள் விஷயத்தில் ஜானிக்குச் சின்னதிலே மாதக்கணக்கில் கற்றுத் தந்ததெல்லாம் ஏறக்குறைய வீண். ஜிம்மி பின்னால் வந்து சீக்கிரம் பிடித்துக்கொண்டான். உருளுகிற வித்தையை ஜானியே பிற்பாடு இழந்தான், உடம்பின் அளவு மாறிவிட்டது அல்லவா. ஆனால் உடம்பைப் பயமில்லாமல் ஆளுகிற நிதானம் மட்டும் அவனிடம் தங்கியது. இத்தனைக்கும் பிறகு, ரெண்டு பேரும் ஒரே கரு இரட்டையரே இல்லை என்று தெரியவந்தது தனிக்கதை.

அந்த ஜிம்மியை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். ஒரு குழந்தையைத் தொட்டிலில் விட்டு வைக்க யார் யாரைக் கேட்டார்கள்? இந்தப் பாதை எங்கே போய் முடிந்தது என்பதை வரலாறு பார்த்தது. 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் ஜோசப் மெங்கலே என்ற டாக்டர், ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தில் இரட்டைப் பிள்ளைகளைத் தேடிப் பொறுக்கினான். பத்து வயசு ஈவா மோசஸ், அவள் தங்கை மிரியம் ஒரு ஜோடி. ஊசி போடப்பட்டு ஈவா காய்ச்சலில் கிடந்தாள். தான் செத்தால் ஒப்பிட்டு அறுத்துப் பார்ப்பதற்காக மிரியமையும் கொன்றுவிடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இருவரும் பிழைத்தார்கள். 1987-ல் ஈவா தன் சிறுநீரகம் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தார். யுத்தம் முடிந்த பிறகும் பாடம் வந்துவிடவில்லை. 1960-களில் நியூயார்க்கில் ஒரு தத்து நிறுவனமும் பீட்டர் நியூபவர் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்து, இரட்டைக் குழந்தைகளை வேறு வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டவர்களிடமும் சொல்லாமல், வளர்ச்சியைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். அந்தக் காகிதங்கள் 2065 வரை யேல் பல்கலைக்கழகத்தில் பூட்டிக் கிடக்கின்றன. அறிவு தேடுவதற்கும் ஓர் அகிம்சை வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

வெளியுறவு மந்திரி, உள்துறை மந்திரி

ஒப்பிடுவதை விட்டுவிட்டு உறவைக் கவனித்தவர்களும் இருந்தார்கள். 1930-களில் ஜெர்மானிய உளவியலாளர் ஹெல்முட் ஃபான் பிராக்கன் ஒரு விஷயத்தைக் கண்டு சொன்னார். இரட்டையரில் ஒருவர் வெளியாரோடு பேசுகிற 'வெளியுறவு மந்திரி' ஆகிவிடுகிறார், மற்றவர் ஜோடிக்குள் நடப்பதைக் கவனிக்கிற 'உள்துறை மந்திரி'. பிரெஞ்சு அறிஞர் ரெனே சாசோ 1960-ல் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரித்தார். ஒரே கரு, ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஆனாலும் ஒருவர் முந்துகிறார், ஒருவர் ஒதுங்குகிறார். இது பரம்பரையும் அல்ல, வளர்ப்பும் அல்ல, ஜோடியாக இருப்பதே உண்டாக்குகிற வேற்றுமை என்றார் அவர். ரெண்டு பேருக்குள் மட்டும் புழங்குகிற பேச்சுக்கும் அவர்தான் 'கிரிப்டோஃபேசியா', அதாவது மறைபேச்சு, என்று பெயர் வைத்தார்.

கடையில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பெயர்தான் தெரியாது. ஒரே தானில் ரெண்டு பாவாடைத் துணி வெட்டச் சொல்லி அம்மா நிற்பாள். 'எந்தக் கலர் வேணும்மா' என்று கேட்டால் ஒருத்தி பதில் சொல்லுவாள். மற்றவள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவின் கையைக் கிள்ளுவாள். உடனே அக்கா கலரை மாற்றிச் சொல்லுவாள். முடிவு யாருடையது பாருங்கள். பேசாதவளுக்கு அபிப்பிராயம் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

லண்டனில் யுத்த காலத்தில் ஆன்னா ஃபிராய்டோடு சேர்ந்து குழந்தைகள் காப்பகம் நடத்திய டாரதி பர்லிங்ஹாம், அங்கே வளர்ந்த மூன்று ஜோடிகளை நாள்தோறும் கவனித்து 1952-ல் ஒரு நூல் எழுதினார். இரட்டையரின் சண்டை, பொறாமை, ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்வது எல்லாம் அதில் உண்டு. இப்போது எங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்தியதற்கு வருகிறேன்.

மாஸ்கோவில் அலெக்சாண்டர் லூரியா, யூதோவிச் இருவரும் யூரா, லியோஷா என்ற ஐந்து வயசு இரட்டைப் பையன்களைப் பற்றி 1956-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார்கள், 1959-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அந்தப் பையன்கள் பெரிய குடும்பத்தில் பிறந்தவர்கள். நாள் முழுக்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ளேயே விளையாடுவார்கள். நாலு வயசில்கூடச் சில ஒலிகள்தான். ஐந்து வயசில் பேசியதும் கையில் பிடித்திருக்கிற பொருளோடு, செய்கிற காரியத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். காதும் சரி, புத்தியும் சரி, குறை ஒன்றும் இல்லை. பின்னே ஏன் பேசவில்லை? லூரியா சொன்ன காரணம் ரொம்ப எளியது. பேச வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. ஒருவன் சாடையிலேயே மற்றவனுக்கு எல்லாம் புரிந்துபோகிறது.

அவர்கள் செய்ததும் எளியதுதான். குழந்தைகள் பள்ளியில் ரெண்டு பேரையும் வேறு வேறு குழுவில் உட்கார வைத்தார்கள். அவ்வளவே. புதுப் பிள்ளைகளிடம் பொம்மை வேண்டுமானாலும் வாயைத் திறந்தாக வேண்டும். மூன்று மாதத்தில் இருவர் பேச்சும் வியக்கத்தக்கபடி சீர்ப்பட்டது. பேச்சு மட்டும் அல்ல, விளையாட்டும் மாறிவிட்டது. முன்பு சாமான்களை உருட்டிக்கொண்டிருந்தவர்கள், இப்போது இன்னது செய்யப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் செய்யலானார்கள். இருவரில் பலவீனமானவனுக்குத் தனியாகப் பேச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள், அதில் கூடுதல் பலன் இருந்தது. ஆனால் பெரிய மாற்றம் பயிற்சியால் வரவில்லை, மூன்றாவது ஆளால் வந்தது.

இதைப் படித்த சமயம் எங்கள் வீட்டில் தற்செயலாக ஒன்று நடந்தது. ஒரு கல்யாணத்துக்காக மருமகள் வந்தவாசிப் பக்கம் போக வேண்டியிருந்தது. ரெண்டு பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக ரயிலில் கொண்டுபோக முடியாது என்று பெரியவனை மட்டும் கூட்டிப்போனாள். சின்னவன் பத்து நாள் என்னோடு கடைக்கு வந்தான். முதல் நாள் அழுகை. ரெண்டாம் நாள் கையை நீட்டினான், 'ம்' என்றான். கடைப் பையன் குஜராத்திக்காரன், அவனுக்கு இந்த 'ம்' புரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சின்னவன் அவனைப் பார்த்துத் தெளிவாக 'பாணி ஆபோ' என்றான். தண்ணி கொடு என்று அர்த்தம். என் பேரன் பேசிய முதல் முழு வாக்கியம் குஜராத்தி! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. பத்தாம் நாள் தாயிடம் போனில் 'அம்மா, எப்ப வருவே' என்று தமிழில் கேட்டான். அந்தத் தமிழ் இத்தனை நாள் எங்கே இருந்தது?

வீட்டுக்குள் அடைபட்ட பேச்சு

வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கிற நமக்கு அடுத்து வருகிற ரெண்டு கதைகளும் ரொம்ப நெருக்கமானவை.

கிரேஸ், வர்ஜீனியா கென்னடி 1970-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த இரட்டையர். அப்பா அமெரிக்கர், தாய் ஜெர்மன். பிறந்த சில நாளில் வலிப்பு வந்தது. புத்தி வளர்ச்சி குறையலாம் என்று டாக்டர் சொன்ன எச்சரிக்கையைத் தகப்பனார் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார். வேலை தேடிக் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, வெளியே விளையாட விடவில்லை. கவனித்துக்கொண்டது ஜெர்மன் மட்டும் தெரிந்த பாட்டி, அதிகம் பேசாதவர். 1977-ல் ஒரு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர்கள் பார்த்தபோது அந்தச் சிறுமிகள் ஒருத்தியை ஒருத்தி போட்டோ, கபெங்கோ என்று அழைத்து, யாருக்கும் விளங்காத வேகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். புது மொழி கண்டுபிடித்த குழந்தைகள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. மொழியியலார் பதிவு செய்து நிதானமாகக் கேட்டார்கள். புது மொழி இல்லை. வீட்டில் காதில் விழுந்த ஆங்கிலமும் ஜெர்மனும் உருமாறிக் கலந்து கிடந்தன. உருளைக்கிழங்கு என்னும் ஒரே சொல்லுக்கு 16 விதமான உச்சரிப்பு. திருத்திச் சொல்ல ஆள் இல்லாததால் பதினாறும் நிலைத்துவிட்டன. 1980-ல் ஜான்-பியர் கோரின் அவர்களைப் பற்றி ஒரு படமே எடுத்தார்.

ரெண்டு மொழி கேட்டதால் குழம்பினார்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணக் கூடாது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் குஜராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றோடு நன்றாகவே வளர்கிறார்கள். அந்தப் பெண்களுக்குக் குறைவாய்க் கிடைத்தது மொழி அல்ல, பேசுகிற ஆட்கள்.

இன்னொரு கதை ஜூன், ஜெனிஃபர் கிப்பன்ஸ். பார்படோஸ் தீவைச் சேர்ந்த பெற்றோருக்கு 1963-ல் ஏடனில் பிறந்தவர்கள். தகப்பனார் பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை பார்த்தார். குடும்பம் வேல்ஸ் நாட்டின் ஹாவர்ஃபோர்டுவெஸ்ட் என்ற சிற்றூரில் தங்கியது. பள்ளியில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் கறுப்பர்கள். ஏற்கெனவே உச்சரிப்பில் குறை, அதற்கு மேல் கேலி, அடி. இருவரும் மற்ற எல்லாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். தங்களுக்குள் மட்டும் பார்படோஸ் பேச்சை அதிவேகமாகப் பேசினார்கள். பதினாலு வயசில் பிரித்து வேறு வேறு பள்ளிகளில் விட்டார்கள். மாஸ்கோவில் பலித்தது இங்கே பலிக்கவில்லை. பிரிந்தவர்கள் அசைவற்றுப் போனார்கள், மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. அறைக்குள் உட்கார்ந்து டைரியும் நாவலும் எழுதினார்கள். ஜூன் எழுதிய ஒரு நாவல் அச்சிலும் வந்தது. பிறகு சின்னத் திருட்டு, தீ வைப்பு என்று போய் 1982-ல் பிராட்மூர் மனநலக் காவல் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு 11 வருஷம் இருந்தார்கள். 1993-ல் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட அன்றைக்கே ஜெனிஃபர் இதயத் தசை அழற்சியால் இறந்தார். ஒருத்தி போனால்தான் மற்றவள் சாதாரணமாக வாழ முடியும் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்ததாக, அவர்களைப் பற்றி நூல் எழுதிய மார்ஜரி வாலஸ் சொல்லியிருக்கிறார்.

மாஸ்கோவுக்கும் வேல்ஸுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு இடத்தில் ஐந்து வயசு, அதே பள்ளியில் பக்கத்துக் குழு, அங்கே விளையாடக் கூப்பிடுகிற பிள்ளைகள். இன்னொரு இடத்தில் பதினாலு வயசு, ஊரே விரோதம், அத்தனைக்கும் நடுவில் இருந்த ஒரே துணையையும் பிடுங்கிக்கொண்டார்கள். இரட்டையரைப் பிரிப்பதா சேர்ப்பதா என்பது, பிரித்து எங்கே உட்கார வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. புது ஊரில் பாஷை தெரியாமல் வகுப்பில் கேலிக்கு ஆளான பிள்ளை நம்மில் எத்தனை வீட்டில் உண்டு! அதற்குக் கூடவே ஒரு இரட்டை இருந்தால் அதுவும் அந்தப் பக்கமாகத்தான் திரும்பும்.

பிந்தி வந்த ஆராய்ச்சிகளும் இந்த வழியிலேயே போகின்றன. 2003-ல் மைக்கேல் ரட்டர் முதலானோர் இங்கிலாந்தில் 96 இரட்டை ஜோடிகளையும், முப்பது மாதத்துக்குள் அடுத்தடுத்துப் பிறந்த 98 ஜோடித் தனிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரட்டையர் பேச்சில் 20 மாதத்தில் சுமார் 1.7 மாதமும், மூன்று வயசில் 3.1 மாதமும் பின்தங்கியிருந்தார்கள். பிரசவச் சிக்கலால் அல்ல. தாய் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துப் பேசுகிற பேச்சு, ரெண்டு பிள்ளை ஒரே சமயத்தில் இருக்கும்போது குறைந்துபோவதுதான் காரணம் என்று கண்டார்கள். இதில் தாயின் குற்றம் என்ன இருக்கிறது? ஊரில் என்றால் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே மூன்றாம் மாடி ஃபிளாட்டில் மருமகள் ஒருத்தி. நானோ காலையில் கடைக்குப் போய் ராத்திரி வருகிறவன், வந்த பிறகு குறை சொல்லுகிறவன்.

பள்ளியில் ஒரே செக்ஷனா, வேறு செக்ஷனா என்றும் பலர் கேட்கிறார்கள். 2004-ல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வு, ஐந்து வயசிலேயே பிரித்த பிள்ளைகளிடம் கவலை, ஒடுங்கிப் போதல் கொஞ்சம் கூடுதல் என்றது. 2018-ல் இங்கிலாந்திலும் கனடாவின் கியூபெக்கிலும் 7 முதல் 16 வயசு வரை பார்த்த இன்னொரு ஆய்வு, படிப்பைப் பொறுத்தவரை சேர்த்தாலும் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 2005-ல், இதில் பெற்றோர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. நம் பக்கம் பல பள்ளிகளில் ஆசிரியர் சௌகரியம்தான் முடிவு செய்கிறது. 'ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, எனக்குக் குழப்பமா இருக்கு' என்று ஒரு ஆசிரியை சொன்னதற்காகப் பிரித்த கதையும் தெரியும்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வயசில் பிள்ளைகளையே கேட்டோம். பெரியவன் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றான். சின்னவன் பேசாமல் இருந்தான், பிறகு தனியாக என்னிடம் வந்து 'தாத்தா, நான் வேற ரூம்' என்றான். ஒரே பள்ளி, வேறு செக்ஷன், இடைவேளையில் சேர்ந்து டப்பா திறப்பது என்று ஏற்பாடு ஆயிற்று. முதல் மாதம் அழுதவன் பெரியவன்தான். தன்னுடைய உள்துறை இல்லாமல் வெளியுறவுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை போலும்.

இப்போது ரெண்டு பேருக்கும் பதினொரு வயசு. ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். சின்னவன் வேகமாகப் படிக்கிறான், பெரியவன் கையெழுத்து அழகு. போன பொங்கலுக்கு ரெண்டு பேருக்கும் சட்டை எடுக்கக் கடைக்கு வந்தார்கள். வழக்கம்போல ஒரே தானில் வெட்டக் கத்தரியை எடுத்தேன். சின்னவன் என் கையைப் பிடித்து, 'அவனுக்கு நீலம், எனக்கு இது' என்று ஒரு மஞ்சள் கட்டம் போட்டதைக் காட்டினான். மஞ்சள் எனக்குப் பிடிக்காது. வெட்டிக் கொடுத்தேன்.